15 வினாடிக் கள்ளக் கணக்கு

கேள்வி: மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். குமரி மாவட்டம், குளச்சல் பக்கம் ஊர். 1741-ல் டச்சுக்காரனைத் தோற்கடித்த மண் இது என்று சொல்லித்தான் மகனை வளர்த்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டான், 19 வயது. பட்டாளத்து அக்னிவீர் தேர்வுக்காக ஒன்றரை வருஷமாக வெளுப்பாங்காலம் நாலரை மணிக்கே சானல்கரை ரோட்டில் ஓட விட்டேன். பைக் மீட்டரில் அளந்து வைத்த 1600 மீட்டர். முடிகிற இடத்தில் அவன் அம்மை டார்ச்சோடு நிற்பாள், என் கையில் ஸ்டாப் வாட்ச். 5 நிமிடம் 38 வினாடி வரைக்கும் வந்துவிட்டான். (திருப்தி வந்தால் வேகம் செத்துவிடும் என்று அவனிடம் 15 வினாடி கூட்டித்தான் சொல்வேன். பட்டாளத்து வழக்கம் அது.) ஆனால் இந்த முறை விண்ணப்பமே போடவில்லை. 'எனக்கு ஓட்டம் வராதுப்பா, மாமாகூட துபாய்க்குப் போறேன்' என்கிறான். எழுப்பினால் போர்வையை இழுத்து மூடுகிறான். அம்மையும் அவன் பக்கம். பையனுக்கு மறுபடி வெறி வர என்ன செய்யலாம்?

பதில்: அண்ணாச்சி, பட்டாளத்துக்குப் போக மறுக்கும் மகனைப் பற்றி உங்கள் மாவட்டத்திலிருந்து எனக்குக் கடிதம் வராத மாதமில்லை. அதனால் வெறி, வீரம், 1741 எல்லாம் அப்படி ஓரமாக இருக்கட்டும். நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்த அந்த 15 வினாடியைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் மகன் ஓடியது 5.38. அவன் காதில் விழுந்தது 5.53. அக்னிவீர் தேர்வின் 1600 மீட்டர் ஓட்டத்தில் முதல் படி 5.30, அதற்குள் வந்தால் 60 மதிப்பெண். அடுத்த படி 5.45, அதற்கு 48. இது உங்களுக்கும் தெரியும், கிரவுண்டில் நிற்கிற ஒவ்வொரு பையனுக்கும் தெரியும். அதாவது இரண்டாம் படிக்குள் வந்துவிட்ட பிள்ளையை, எட்டு வினாடி வெளியே நிற்கிறான் என்று தினமும் காலையில் நம்ப வைத்திருக்கிறீர்கள். அவன் பொய் சொல்லவில்லை அண்ணாச்சி. 'எனக்கு ஓட்டம் வராது' என்பது நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடம், அதை ஒப்பித்திருக்கிறான்.

'பட்டாளத்து வழக்கம்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பட்டாளத்தில்? உங்கள் காலத்து பி.பி.இ.டி-யை, அதுதான் சிப்பாய்களுக்கு வைக்கிற அந்த உடல்தகுதித் தேர்வை, நினைத்துப் பாருங்கள். துப்பாக்கியும் சாமானும் சுமந்து 5 கிலோமீட்டர். முப்பது வயதுக்குள் இருப்பவன் 25 நிமிடத்தில் வந்தால் எக்ஸலன்ட், 28-க்குள் வந்தால் தேறினான். அதன்பிறகு 60 மீட்டர் ஓட்டம், கயிறு, ஒன்பது அடிப் பள்ளம். 24.50-ல் வந்து சேர்ந்த சிப்பாய்க்கு, 'இவன் இன்னும் வேகமாக ஓடட்டும்' என்று வாட்ச் பிடித்தவர் 25.05 எழுதியிருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா? சுபேதார் முன்னால் போய் நின்றிருப்பீர்கள். ஓடினவனுக்கு ஓடின நேரம் சொந்தம். பேரும் சாதியும் சிபாரிசும் அந்த வாட்சுக்குத் தெரியாது என்பதுதானே பட்டாளத்தின் மேல் நம் ஊர்க்காரனுக்கு இருக்கிற மரியாதை? அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கெடுத்துவிட்டீர்களே.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அண்ணன் படித்ததும் அதே பள்ளிக்கூடம்தான், அதனால் பரீட்சைத் தாள் முதலில் அப்பா கைக்கு வந்துவிடும். 72 வாங்கின கணக்குக்கு 62 என்பார். தாளைக் காட்டவே மாட்டார். தலைக்கனம் வரக்கூடாதாம். அண்ணனுக்கு இப்போது அறுபது ஆகப்போகிறது. பெரிய கடை நடத்துகிறான், ஆனால் ராத்திரி கல்லாக் கணக்கை அண்ணியிடம்தான் கொடுப்பான். 'எனக்குக் கணக்கு வராது' என்பான். அப்பா செய்த மற்ற நல்லதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று. அந்த 5.38-ஐயே நான் முழுசாக நம்பவில்லை. பைக் மீட்டரின் கடைசி எண் 100 மீட்டருக்கு ஒருதரம்தான் உருளும். உங்கள் மகன் ஓடும் வேகத்தில் 100 மீட்டர் என்பது 21 வினாடி. நீங்கள் கூட்டின பொய்யைவிட உங்கள் மீட்டரின் பிசகு பெரிதாக இருக்கலாம்! நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் மாதிரி அளந்து கோடு போட்ட தடகளப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 400 மீட்டர் பாதையில் நாலு சுற்று. அதில் வருவதுதான் கணக்கு.

வாட்சையே பார்த்துக்கொண்டிருந்ததில் பீமை, அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கிற தேர்வை, மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பத்து இழுத்தால் 40, ஆறு இழுத்தால் 16. நடுவில் 24 மதிப்பெண். 5.38-ஐ 5.30 ஆக்க நீங்கள் அந்தப் பிள்ளையின் உயிரை வாங்கினீர்களே, அதில் கூடுவது 12. வீட்டு முற்றத்தில் இரண்டு கம்பம் நட்டு ஒரு குழாயைக் கட்டியிருந்தால் அதன் இரட்டிப்பு கிடைத்திருக்கும். ஒன்பது அடிப் பள்ளத்துக்கும், வளைந்து வளைந்து போகிற கட்டைமேல் விழாமல் நடப்பதற்கும் மதிப்பெண் கிடையாது, தாண்டினால் போதும்.

அதோடு 2023-லிருந்து முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினவனுக்குத்தான் கிரவுண்டு. நீங்கள் சேர்ந்த காலத்தில் ஓட்டம் முன்னால், பரீட்சை பின்னால். நாலரை மணிக்கு எழுப்பின அப்பா, சாயங்காலம் ஒரு மணி நேரம் புத்தகத்தோடு உட்கார வைத்தாரா? கடிதத்தில் அதுவும் இல்லை. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, படிகளும் மாறுகின்றன. அந்தந்த வருஷத்து அறிவிப்பை எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

துபாயைப் பற்றி. உங்களுக்குக் கிடைத்தது 17 வருஷமும் பென்ஷனும். அக்னிவீருக்கு நாலு வருஷம், அதன்பிறகு நிரந்தரமாக எடுப்பது நாலில் ஒரு பங்குக்குள்தான். அதனால் போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், நல்ல வேலைதான். ஆனால் மாமாவோடு போகிறேன் என்கிறவனைச் சோம்பேறி என்று திட்டவும் உங்களுக்கு வாயில்லை. பெற்றவர்களுக்கு வயதானபின் கஞ்சி ஊற்றுவது மகன் கடமை. இதில் நான் பழைய காலத்து ஆள், எவன் வந்து சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கஞ்சிக்கான காசு யூனிபார்ம் போட்டுத்தான் வரவேண்டும் என்று எந்தக் கடமையும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். டார்ச் பிடித்து நின்றாளே அவன் அம்மை, அவளுக்கு இந்த 15 வினாடி தெரியுமா? நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை வருஷம் இருட்டில், பனியில், நாய்க்கும் பாம்புக்கும் பயந்து நின்றவள், பிள்ளை மூச்சு வாங்க வந்து விழுவதையும் நீங்கள் 'இன்னும் போதாதுலே' என்பதையும் பார்த்திருக்கிறாள். அவள் அவன் பக்கம் போகாமல் வேறு எங்கே போவாள்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். 'மக்கா, நீ ஓடினது 5.38, நான் 5.53-ன்னு பொய் சொன்னேன்.' இவ்வளவுதான். 'உன் நல்லதுக்குத்தான்' என்று வால் ஒட்டாதீர்கள். அவன் கத்தலாம், ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு. நேரம் தெரிந்தபிறகும் துபாய்தான் என்றால், பாஸ்போர்ட்டுக்கு நீங்களே கூடப் போங்கள்.

ஓடுகிறேன் என்றால், ஸ்டாப் வாட்சை அவன் அம்மை கையில் கொடுத்துவிடுங்கள். அழுத்தவும் நிறுத்தவும் பத்து நிமிடத்தில் பழகிவிடுவாள். டார்ச்சை நீங்கள் பிடியுங்கள்.