போலி டவரிடம் 5ஜி போன் ஏமாறுமா?

புளியரை தாண்டி ஆரியங்காவு போகும்போது போன் தானாகவே கேரள டவரைப் பிடிக்கிறதே, அப்படி ஒரு போலி டவரையும் பிடித்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கலாம். 4ஜி வரை, டவர் கேட்டால் சிம்மின் நிரந்தர அடையாள எண்ணைப் போன் பூட்டாமல் அப்படியே அனுப்பிவிடும், அதை வைத்தே ஒருவரைப் பின்தொடரலாம். 5ஜியில் அந்த எண்ணை, சிம் கொடுத்த நிறுவனத்தின் பொதுச் சாவியால் (யாரும் பூட்டலாம், அந்த நிறுவனம் மட்டுமே திறக்க முடியும்) பூட்டி அனுப்பும் முறை வந்தது. நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் டவர் மட்டும் 5ஜியாக இருந்து, பின்னால் நிறுவனத்தின் 4ஜி மைய நெட்வொர்க்கை நம்பி ஓடும் 5ஜியில் இது கிடையாது, அப்புறம் போனை 2ஜிக்கு இழுத்துவிட்டால் எல்லாம் போச்சு, அங்கே டவர் தன்னை நிரூபிக்கவே வேண்டாம். செட்டிங்கில் 2ஜியை நிறுத்த வழி இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். இந்தப் பூட்டையும் நாளை குவாண்டம் கணினி உடைக்கலாம் என்பதால், 2024இல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் தரப்படுத்திய எம்எல்-கெம் போன்ற புதிய பூட்டுகளை 6ஜிக்குப் பொருத்துவது பற்றி இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.