வெள்ளையடிக்கும் முன்: கிராஃபிட்டி கேள்வி பதில்

சுவரோவியங்களைப் பாதுகாக்கும் வேலை என்னுடையது. பழைய மண்டபங்களின் சுண்ணாம்புப் பூச்சில் தொழில் கற்றேன். இப்போது தெருச் சுவர்களில் ஸ்ப்ரே பெயிண்டால் வரையும் கிராஃபிட்டி குறித்தும் கேட்கிறார்கள். அது கலையா, காப்பாற்ற வேண்டுமா என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சுவர், பூச்சு, வண்ணம், அவற்றைச் சுற்றி நடந்த வழக்குகள், இவைதான் என் எல்லை. அதற்கு வெளியே உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கிராஃபிட்டி கலைதானா? சுவரை நாசம் செய்வதைக் கலை என்று எப்படிச் சொல்வது?
– ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

கலைதான். ஆனால் அது கலையா என்பதும் அனுமதி வாங்கினார்களா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இந்த விவாதம் முடியாமல் இழுக்கிறது.

ஒரு ஸ்ப்ரே டின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுவரை ஒட்டிப் பிடித்தால் கோடு மெல்லியதாகவும் கூர்மையாகவும் விழும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் ஓரம் புகைபோல் விரியும். நடுவில் கொஞ்சம் தயங்கினாலும் வண்ணம் வழிந்துவிடும். தூரிகைக்கு மணிக்கட்டு போதும். இதற்குத் தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். ஆள் உயர எழுத்து ஒன்றின் வளைவை ஒரே வீச்சில் போட்டிருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் எவ்வளவு பயிற்சி இருக்கிறது என்று தெரியும்.

1971-இல் நியூயார்க் டைம்ஸ், ஊரெங்கும் 'டாக்கி 183' என்று எழுதிவந்த இளைஞரைப் பற்றிச் செய்தி போட்டது. அது வெறும் பெயரெழுத்து. சில ஆண்டுகளுக்குள் அதே நகரத்தில் ரயில் பெட்டியின் முழு நீளத்தையும் அடைக்கும் எழுத்தோவியங்கள் வந்துவிட்டன. எல்லாமே உயர்ந்தவை என்று சொல்லமாட்டேன். கேன்வாஸில் வரைபவர்களிலும் பெரும்பாலானோர் சுமாராகத்தான் வரைகிறார்கள்.

சிகிரியாவில் அந்தக் காலத்தவர் சுவரில் எழுதியதைப் பொக்கிஷம் என்கிறீர்கள். இன்று ஒருவர் எழுதினால் சிறை. இது என்ன நியாயம்?
– வங்கி ஊழியர், ஈரோடு

நல்ல கேள்வி. இலங்கையில் சிகிரியாக் குன்றின் பாதையோரம் 'கண்ணாடிச் சுவர்' என்று ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சைப் பளபளவென்று தேய்த்து மெருகேற்றிய சுவர். மேலே குகையில் வரைந்திருக்கும் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் அதில் எழுத்தாணி போன்ற கூர்முனையால் கவிதைகளைக் கீறிவிட்டுப் போனார்கள். பெரும்பாலானவை 8 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. தொல்லியல் அறிஞர் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956-இல் பதிப்பித்தார். சிங்கள மொழியின் பழைய வடிவத்தை அறிய அவை பெரிய ஆதாரம். எழுதியவர்களில் யாரும் அனுமதி வாங்கிக்கொண்டு எழுதியதாகத் தெரியவில்லை.

இன்று தடுப்பதற்குக் காரணம் வேறு. அந்தச் சுவரில் இனி யார் புதிதாக ஒரு கோடு கீறினாலும் அது ஆயிரம் ஆண்டு பழைய கோட்டின் மேல்தான் விழும். அன்று எழுதியவர் மெருகேற்றிய பூச்சில் எழுதினார், இன்று கீறுபவர் இன்னொருவரின் கவிதையை அழிக்கிறார். சிறைத் தண்டனை அளவுக்குப் போக வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. தடை கட்டாயம் வேண்டும்.

என் காம்பவுண்ட் சுவரில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அருமையாகக் கழுகு வரைந்திருக்கிறான். நிறம் போகாமல் இருக்க மேலே வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார் பெயிண்ட் கடைக்காரர். அடிக்கலாமா?
– வீட்டுச் சொந்தக்காரர், சேலம்

தயவுசெய்து வேண்டாம். தெருவோரச் சுவர் சும்மா இருப்பதில்லை. மழைத்தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விடும். தண்ணீரோடு செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பும் சேர்ந்து வரும். வார்னிஷ் அடித்தால் ஈரம் வெளியேற வழி அடைபடும். உப்பு வண்ணத்தின் பின்னாலேயே படிகமாகிப் படத்தைச் சுவரிலிருந்து தள்ளும். ஒரு மழைக்காலம் போதும், கை வைத்தால் செதில் செதிலாக வரும். அப்புறம் வார்னிஷே மஞ்சளாகும், தூசி பிடிக்கும். சரி, எடுத்துவிடலாம் என்று தின்னர் தொட்டுத் துடைத்தால் கீழே இருக்கும் ஸ்ப்ரே பெயிண்டும் கரைந்து துணியோடு வந்துவிடும்.

நிறம் போவதை வார்னிஷ் பெரிதாகத் தடுக்காது. பளீரென்ற ஃப்ளோரசன்ட் நிறங்கள்தான் முதலில் வெளிறும். கறுப்பும், வெள்ளையும், காவி போன்ற மண் நிறங்களும் தாக்குப்பிடிக்கும். சுவருக்கு மேலே சின்னதாக ஒரு ஷீட் இறக்கினால் மழையும் உச்சி வெயிலும் நேராகப் படாது. சுவரடியில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே நல்ல போட்டோ எடுத்து வையுங்கள்.

பாலியூரிதேன் கோட்டிங் அடிக்கலாமா? அது வார்னிஷ் இல்லையே.
– பெயர் குறிப்பிடாதவர்

மேலே சொன்ன பதில்தான். அடிக்காதீர்கள்.

சுவர் என்னுடையது, வரி கட்டுவது நான். நான் அழித்தால் யார் கேட்பது? அமெரிக்காவில் ஒரு கட்டட முதலாளிக்கு இதற்காகக் கோடிக்கணக்கில் அபராதம் போட்டார்கள் என்று படித்தேன். அநியாயம் இல்லையா?
– கட்டட ஒப்பந்ததாரர், கோவை

நீங்கள் படித்தது 5பாய்ன்ட்ஸ் வழக்கு. நடந்ததை முழுதாகச் சொன்னால் அநியாயம் எங்கே என்பது தெரியும்.

5பாய்ன்ட்ஸ் என்பது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த பழைய தொழிற்சாலைக் கட்டடம். அதன் உரிமையாளர் ஜெர்ரி வோல்காஃப். 2002 முதல் ஜொனாதன் கோஹன் என்ற ஓவியர் அவர் அனுமதியோடு அந்தச் சுவர்களைப் பொறுப்பேற்று நடத்தினார். யார் எங்கே வரைவது, எந்தப் படம் நீண்ட நாள் இருக்கட்டும், எதன் மேல் அடுத்தவர் வரையலாம் என்றெல்லாம் அவர் முடிவு செய்தார். உலகெங்கும் இருந்து ஓவியர்கள் வந்தார்கள். பின்னர் வோல்காஃப் அங்கே அடுக்குமாடி கட்ட முடிவு செய்ய, ஓவியர்கள் 2013-இல் நீதிமன்றம் போனார்கள். இடிக்கத் தடை கிடைக்கவில்லை. விரிவான தீர்ப்பு எழுதி வருவதற்குள், நவம்பர் 19-ஆம் தேதி ராத்திரியோடு ராத்திரியாக வோல்காஃப் ஆள் வைத்து எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். கட்டடம் இடிக்கப்பட்டது அடுத்த ஆண்டில்தான்.

2018-இல் நீதிபதி ஃப்ரெடெரிக் பிளாக் 45 படங்களுக்கு, படத்துக்கு 1,50,000 டாலர் வீதம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2020-இல் அதை உறுதி செய்தது. அடிப்படை 1990-இல் வந்த ஓவியர் உரிமைச் சட்டம். கட்டடத்தை இடிக்கவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சேதமில்லாமல் எடுக்கக்கூடிய படமாக இருந்தால் ஓவியருக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுத்து 90 நாள் பொறுக்க வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் வீம்புக்காக அழித்ததைத்தான் நீதிபதி கடுமையாக எடுத்துக்கொண்டார்.

அதே ஒப்பந்ததாரர்: பெருந்தன்மையாக வரைய விட்டவருக்குத் தண்டனை. இனி எந்த முதலாளி சுவரைக் கொடுப்பார்?

கொடுப்பார் சார். அதே சட்டத்தில் வழி இருக்கிறது. இந்தப் படத்துக்கு இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஓவியர் எழுத்தில் கையெழுத்திட்டால் போதும். உங்கள் தொழிலில் வாய்ப்பேச்சை நம்பி அஸ்திவாரம் தோண்டுவீர்களா? இதற்கும் ஒரு தாள் எழுதிக்கொள்ளலாம்.

குறுக்கே ஒரு கேள்வி: ஓவியர்களே அங்கே ஒருவர் படத்தின் மேல் இன்னொருவர் வரைந்தவர்கள்தானே? தற்காலிகமானதை அழித்ததற்கு எதற்கு இழப்பீடு?
– ஐ.டி. ஊழியர், சென்னை

முதலாளியின் வழக்கறிஞர்களும் இதையேதான் வாதிட்டார்கள். தற்காலிகமான படைப்புக்கும் உயர்ந்த மதிப்பு இருக்க முடியும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பதில் சொன்னது. நானும் அதையே சொல்வேன். ஓவியர்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். அந்த முறைப்படி மேலே வரைவது அந்த இடத்தின் வாழ்க்கை. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மூடியது அந்த முறையையே அழித்தது. போட்டோ எடுக்கக்கூட அவர்களுக்கு நேரம் இல்லை.

மீண்டும் ஒப்பந்ததாரர்: கடைசியில் சொத்து யாருடையது என்பதுதான் கேள்வி. நீங்கள் சுற்றிவளைக்கிறீர்கள்.

சுவர் உங்களுடையது. இடிக்கலாம், விற்கலாம். படம் உங்கள் சுவரில் இருந்தாலும் உங்கள் கையில் பிறந்தது இல்லை. அழிப்பதற்கு முன் வரைந்தவருக்குத் தகவல் சொல்லுங்கள் என்கிறேன். இதில் உங்கள் சொத்தில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வேறு நான்கு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?
– சட்ட மாணவர், மதுரை

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவைப் படியுங்கள். தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கப் படைப்பாளிக்கு இருக்கும் உரிமை பற்றியது அது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பிய்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது. ஆனால் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்த டெல்லி ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடம் இடிக்கப்பட்டதற்கு அதே நீதிமன்றம் 2019-இல் நிவாரணம் தரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அனுமதியில்லாத தெரு ஓவியத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்.

பாங்க்சி வரைந்த சுவர் ஒன்று கிடைத்தால் என்ன விலை போகும்?
– பெயர் குறிப்பிடாதவர்

விலைக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தன்னை யாரென்று வெளியே காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பாங்க்சி, லண்டன் வுட் கிரீனில் தையல் மெஷினோடு மண்டியிட்ட சிறுவனை 2012-இல் ஒரு கடைச் சுவரில் வரைந்தார். 2013-இல் சுவரோடு வெட்டி எடுத்து மயாமி ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வட்டாரத்து மக்கள் எதிர்க்க, அந்த ஏலம் நின்றது. அதே ஆண்டு லண்டனில் விற்றுவிட்டார்கள். சுவரை வெட்டாதீர்கள். அந்தத் தெருவில், அந்தக் கடையில் இருந்ததுதான் அந்தப் படத்தின் பாதி.

கோட்டிங் வேண்டாம் என்கிறீர்கள். மெழுகு பூசினால்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

வேண்டாம் ஐயா. எதையும் பூசாதீர்கள். இந்தக் கேள்வியை இனி எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் இதுதான்.

மங்கிப்போன படத்தை மறுபடி வரைந்தால் அது பழைய படம்தானா?
– ஓவியர், புதுச்சேரி

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

பெர்லின் சுவரில் மிச்சமிருக்கும் 1.3 கிலோமீட்டர் நீளத்தில் 1990-இல் பல நாட்டு ஓவியர்கள் வரைந்தார்கள். ஈஸ்ட் சைட் கேலரி என்று பெயர். 2009-இல் சுவரைச் செப்பனிட்டு, முடிந்தவரை அதே ஓவியர்களை அழைத்து மறுபடி வரைய வைத்தார்கள். சிலர் மறுத்தார்கள். சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கரும் முத்தமிடும் படம், இன்று நீங்கள் பார்ப்பது, அப்படி மறுபடி வரையப்பட்டது.

லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிகோ ஓவியர் சிக்கேரோஸ் 1932-இல் ஏறத்தாழ 80 அடி நீளத்தில் 'அமெரிக்கா டிராபிக்கல்' வரைந்தார். நடுவில் சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதர், அவர் தலைக்கு மேலே அமெரிக்கக் கழுகு. பிடிக்காதவர்கள் சில ஆண்டுகளுக்குள் முழுவதும் வெள்ளையடித்து மறைத்தார்கள். காலப்போக்கில் அந்த வெள்ளை உதிர உதிரப் படம் நிழலாக வெளியே வந்தது. கலைப் பாதுகாப்பில் ஈடுபடும் கெட்டி (Getty) நிறுவனம் நகராட்சியோடு சேர்ந்து அதைப் பாதுகாத்து 2012-இல் மக்களுக்குத் திறந்தது. மறுபடி வண்ணம் தீட்டவில்லை. உதிரும் பூச்சை நிலைநிறுத்தி, மேலே கூரை போட்டார்கள். நிறம் ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் கோடு சிக்கேரோஸின் கோடு. வெள்ளையடித்த கதையும் அந்தச் சுவரிலேயே தெரிகிறது.

நான் இரண்டாவது வழியின் பக்கம். வரைந்தவர் உயிரோடு இருந்து அவரே விரும்பினால் மறுபடி வரையட்டும். அப்போது பக்கத்தில் இரண்டு ஆண்டுகளையும் எழுதி வைக்க வேண்டும்.

வரைந்தவரே அழிக்கச் சொன்னால்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

அழிக்கட்டும். ப்ளூ என்ற இத்தாலிய ஓவியர் 2016-இல் போலோக்னா நகரில் தன் படங்களைத் தானே சாம்பல் நிறம் அடித்து மூடினார். தெருவிலிருந்து பெயர்த்தெடுத்த படங்களை வைத்து அங்கே நடக்கவிருந்த கண்காட்சிக்கு எதிர்ப்பு அது. எனக்கு மனம் வலித்தது. ஆனாலும் அவர் பக்கம்தான் நியாயம்.

கண்ணகி நகர்ச் சுவர்களையும் அரசு பாதுகாக்க வேண்டாமா?
– சமூகப் பணியாளர், சென்னை

2020-இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்தவை ஏற்பாட்டோடு செய்த சுவரோவியங்கள், கிராஃபிட்டி இல்லை. முதலில் அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டும் என்றால் முதல் செலவு வண்ணத்துக்கு இல்லை, ஒழுகும் பைப்புக்கு. சுவர் காய்ந்தால்தான் படம் நிற்கும்.

எங்கள் சுவரில் கட்சிக்காரர்கள் எழுதியதை எப்படி அழிப்பது?
– பெயர் குறிப்பிடாதவர்

என் துறை இல்லை. நல்ல பெயிண்டரிடம் கேளுங்கள்.

எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். முன்னாள் மாணவர்கள் ஸ்ப்ரேயில் வரைந்த படங்கள் சுவர் நிறைய இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம்

ஒரு மாதம் தாராளமாகப் போதும் டீச்சர். முதலில் வரைந்த மாணவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். வர முடிந்தவர்கள் வந்து பார்க்கட்டும். காலை நிழலிலோ மேகமூட்டத்திலோ, கேமராவைச் சுவருக்கு நேராக வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். படத்தில் ஒரு அடிக்கோல் தெரியட்டும். முழுச் சுவர் ஒன்று, பிறகு கைக்கெட்டும் தூரத்தில் பகுதி பகுதியாக, ஒன்றின் ஓரம் இன்னொன்றில் வருமாறு எடுங்கள். டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்தும் சிலவற்றை எடுங்கள், வண்ணம் எத்தனை அடுக்கு என்பது அதில் தெரியும். யார் வரைந்தது, எந்த ஆண்டு, என்ன பெயிண்ட் என்று மாணவர்களிடமே கேட்டு எழுதுங்கள். தானாக உதிர்ந்து கிடக்கும் செதில் இருந்தால் காகித உறையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, இடிப்பவர்களிடம் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். சொன்ன தேதிக்கு முன்பே ஜேசிபி வந்து நிற்பது உண்டு.