மனைவியின் பக்தி நாளுக்கு நாள் கூடுகிறது. விட்டுவிடவா, தடுக்கவா?

கல்யாணமாகி ஒன்பது வருடம், இப்போது மனைவி பூஜை, தியானம் என்றே இருக்கிறார், கேட்டால் சண்டை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் தூக்கம் போய்விட்டது.

முதலில் ஒன்று. நான் நாத்திகன் இல்லை. தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். 'பொண்டாட்டி சாமி கும்பிடுவதுகூடப் பொறுக்கவில்லையா' என்று கேட்க வருபவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் யாரும் உங்கள் பக்கம் பேசியிருக்க மாட்டார்கள். நான் அண்ணனிடம் சொன்னபோது, 'கொடுத்து வைத்தவன்டா நீ' என்றார். கைமாற்றாக வாங்கிய பணத்தை நாலு வருடமாகத் திருப்பித் தராதவர் அவர். அப்பாவின் மருத்துவச் செலவு முழுக்க என் தலையில். அவர்தான் எனக்குப் புத்தி சொல்கிறார். போகட்டும்.

என் மனைவிக்கு இது அவள் அம்மா தவறிய பிறகு ஆரம்பித்தது. காலையில் அரை மணி நேரம் என்பது, விடிகாலையும் மாலையுமாக நீண்டது. அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, துக்கம் ஆறட்டும் என்றிருந்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மௌன விரதம் என்றாள். வாரத்தில் நாங்கள் சேர்ந்திருக்கக் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். ஏதாவது கேட்டால், நூலில் பென்சில் கட்டிய சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவாள். 'காந்தியே திங்கட்கிழமை பேசாமல் சீட்டில்தானே எழுதிக் காட்டினார்' என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினேன். 'வேண்டாம்.' 'அப்புறம்.' 'நீங்களே பாருங்க.' 'சாவி ஆணியில்.' பக்கம் பக்கமாக இதுதான். நான் கேட்டது எதுவும் அதில் இல்லை.

காரைக்கால் அம்மையார் கதையை எல்லோரும் அம்மையார் பக்கம் நின்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அந்த நாட்களில் அவர் கணவன் பரமதத்தன் ஞாபகமாகவே இருந்தது. மனைவியைத் தெய்வம் என்று நம்பிக் கப்பலேறிப் போனவன், பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான், பிறந்த மகளுக்கு அவள் பெயரையே வைத்தான். அவள் நேரில் வந்தபோது குடும்பத்தோடு காலில் விழுந்தான். காலில் விழ முடிந்தவனுக்குக் கூட வாழ முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு என் வேலை போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். மறுநாள் காலையில் சொன்னேன். 'எல்லாம் நன்மைக்கே' என்று எழுதிக் காட்டினாள். நான் பென்சிலை வாங்கி அதற்குக் கீழே, 'எனக்குப் பயமா இருக்கு' என்று எழுதினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'எப்போலேர்ந்து?' என்றாள். வாய் திறந்து.

அன்று முழுக்கப் பேசினோம். சாமியோடு எனக்குச் சண்டையே கிடையாது, நம் ஞாயிற்றுக்கிழமையை என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டாய் என்பதுதான் வலி என்றேன். காந்தி 1906-இல் பிரம்மச்சரிய விரதம் எடுத்தபோது, அந்தக் கடைசி நேரத்திலாவது கஸ்தூர்பாவைக் கேட்டார். அதுவரை அவரிடம் மனம்விட்டுச் சொன்னதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி நேரமும் கிடைக்கவில்லை. சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பூஜையைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும். உங்களுக்கு எது இல்லாமல் போயிற்று என்று சொல்லிப் பாருங்கள். எல்லார் வீட்டிலும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை.

இப்போது மௌனம் புதன்கிழமைக்கு மாறியிருக்கிறது. வேறு வேலையும் கிடைத்துவிட்டது. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. போன மாதம் பத்து நாள் தியான முகாம் என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெயர் கொடுக்கும் முன்னால் என்னிடம் கேட்டாள். போய் வா என்றேன். அந்தப் பத்து நாளும் வீடு வெறிச்சென்றுதான் கிடந்தது.