பேரனுக்கு எட்வர்ட் என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள், மருமகன் அந்த ஊர்க்காரர். பேரன் பிறந்திருக்கிறான். சம்பந்தி வீட்டில் தாத்தாவின் பெயரான எட்வர்டையே வைக்க ஆசைப்படுகிறார்கள். 'செல்வத்தைக் காப்பவன்' என்று அர்த்தம் போட்டிருக்கிறார்களே, அது சரிதானா? ராஜாக்கள் பெயராயிற்றே, பந்தாவாகத் தெரியாதா? வீட்டில் எப்படிக் கூப்பிடுவது?

பதில்: வாழ்த்துகள். தாராளமாக வையுங்கள், நல்ல பெயர்.

அர்த்தம் சரிதான். பழைய ஆங்கிலத்தில் முன்பாதிக்குச் செல்வம், நற்பேறு என்று பொருள், பின்பாதிக்குக் காவலர் என்று பொருள். இன்றைக்கு ஹாஸ்டல் வார்டன் என்கிறோமே, அந்த 'வார்டன்' கூட இந்தப் பின்பாதிக்குச் சொந்தம்தான். ஆனால் அந்தக் காலத்தில் இப்படி இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரு வாக்கியம் போல அர்த்தம் பார்த்துதான் பெயர் வைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்துக்கென்று ஒரு பாதியை வைத்துக்கொண்டு இன்னொரு பாதியை மாற்றி மாற்றிப் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். தென் இங்கிலாந்தில் அன்றிருந்த வெசெக்ஸ் நாட்டின் அரசர் ஆல்ஃபிரடின் அப்பா எத்தல்வுல்ஃப், அண்ணன்கள் எத்தல்பால்ட், எத்தல்பெர்ட், எத்தல்ரெட். ஆல்ஃபிரட் தன் மகனுக்கு எட்வர்ட் என்று வைத்தார். 899இல் பட்டத்துக்கு வந்த அந்த எட்வர்டின் பிள்ளைகளில் எட்வின், எட்மண்ட், எட்ரெட், எடித் எல்லாரும் உண்டு, பேரன் எட்கர். பெயரைக் கேட்டாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

எனக்கு இந்தப் பெயரில் ரொம்பப் பிடித்ததே அது பிழைத்து வந்த கதைதான். 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள் இல்லையா, அதற்குப் பிறகு சில தலைமுறைகளில் லியோஃப்ரிக், வுல்ஃப்ஸ்டன் மாதிரியான பழைய பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்து, பார்த்த இடமெல்லாம் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி என்று ஆகிவிட்டது. எட்வர்டும் அந்தக் கூட்டத்தோடு போயிருக்க வேண்டியது. போகாததற்குக் காரணம் அதே 1066 ஜனவரியில் இறந்த அரசர் எட்வர்ட். அவருடைய அம்மா எம்மா நார்மண்டிக்காரி, அவரே இளமையில் நெடுங்காலம் அங்கே அடைக்கலமாக இருந்தவர். 'எட்வர்டுக்கு அடுத்த முறையான வாரிசு நான்தான்' என்று சொல்லித்தான் நார்மன்களின் தலைவர் வில்லியம் படையெடுத்தார், அதனால் வென்றவர்களும் அந்தப் பெயரை மதிக்க வேண்டியிருந்தது. 1161இல் போப் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அப்படியும் நார்மன் அரச குடும்பத்தில் யாரும் இந்தப் பெயரைத் தொடவில்லை. பிற்பாடு வந்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றிதான் தொட்டார். புனித எட்வர்ட் மேல் அவருக்கு அப்படியொரு பக்தி. லண்டனில் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தையே 1245இல் தொடங்கித் திரும்பக் கட்டினார், 1269இல் புனிதரின் உடலைப் புதுச் சமாதிக்கு மாற்றினார், அதற்கெல்லாம் முன்பே 1239இல் பிறந்த மூத்த மகனுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார். அந்தக் குழந்தைதான் பிற்பாடு முதலாம் எட்வர்ட். (அவருக்கு முன்பே எட்வர்ட் என்று மூன்று அரசர்கள் இருந்தும் 'முதலாம்' என்கிறார்கள், ஏனென்றால் எண்ணிக்கை 1066க்குப் பிறகுதான் தொடங்குகிறது.) 1272 முதல் 1377 வரை அப்பா, மகன், பேரன் என்று வரிசையாக மூன்று எட்வர்டுகள் ஆண்டதில் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. கடல் தாண்டியும் போயிற்று. மூன்றாம் எட்வர்டின் பேத்தி பிலிப்பா போர்ச்சுகலுக்கு அரசியாகப் போனார், அவர் மகன் அங்கே துவார்த்தே என்ற பெயரில் அரசரானார். துவார்த்தே என்பதும் எட்வர்ட்தான்.

பந்தாவாகத் தெரியுமோ என்ற கவலையே வேண்டாம். இத்தனை நூற்றாண்டாகத் தச்சரும் வைத்திருக்கிறார், விவசாயியும் வைத்திருக்கிறார், எட்வர்ட்ஸ் என்ற குடும்பப் பெயர் அங்கே எவ்வளவு சாதாரணம் என்று உங்கள் மருமகனையே கேட்டுப் பாருங்கள்.

கூப்பிடுவதற்கு எட், எடி, டெட், டெடி, நெட் என்று நிறைய இருக்கிறது. 'நெட்' எப்படி வந்தது என்றால், 'என் எட்' என்று செல்லமாகச் சொல்ல அந்தக் காலத்தில் 'மைன் எட்' என்பார்கள், அதை வேகமாகச் சொல்லிச் சொல்லி 'மை நெட்' ஆகிவிட்டது. டெடி கரடி பொம்மைக்கும் எட்வர்டுக்கும் சம்பந்தமில்லை, அது அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரிலிருந்து வந்தது. முழுப் பெயரைச் சொல்லும்போது அழுத்தம் 'எட்'டில்தான். பின்பாதியை லேசாக விட்டுவிடுவார்கள், இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் அந்த 'ர்' காதில் விழாது. நாம் 'எட்வர்ட்' என்று அழுத்திச் சொன்னாலும் பிள்ளைக்குப் புரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சிலர் டெடி என்றே பதிவு செய்துவிடுகிறார்கள். எட்வர்ட் என்று பதிவு செய்துவிட்டு வீட்டில் டெடி என்று கூப்பிடுவதுதான் என் யோசனை, வளர்ந்த பிறகு எட்டா, டெட்டா, முழு எட்வர்டா என்று அவனே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது பெயராக உங்கள் பக்கத்துப் பெயர் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம். அங்கே அது சகஜம், 1936இல் முடி துறந்த எட்டாம் எட்வர்டுக்கே மொத்தம் ஏழு பெயர்கள், வீட்டில் அவரைக் கூப்பிட்டது கடைசிப் பெயரான டேவிட் என்று. இங்கிலாந்தில் பிறப்பை 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதனால் இரண்டு வீட்டாரும் அதற்கு முன்பே பேசிவிடுங்கள். அப்புறம் மனசு மாறினாலும் பதிவு செய்து 12 மாதத்துக்குள் முதற்பெயரை மாற்றவோ சேர்க்கவோ விண்ணப்பிக்க வழி இருக்கிறது.