லாட்டில் விற்ற சட்டைக்கு வக்கீல் நோட்டீஸ்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஊர் ஊராகச் சுற்றிக் கச்சேரி செய்யும் ஒரு ஜாம் பேண்டின் தீவிர ரசிகன். ஆறு வருடத்தில் 40 கச்சேரிக்கு மேல் போயிருக்கிறேன். படம் வரையும் பழக்கம் உண்டு. குழுவின் சின்னத்தைப் புள்ளிக் கோலமாக மாற்றி ஒரு டி-ஷர்ட் போட்டேன். ஒரு நூடுல்ஸ் கம்பெனியின் லோகோ எழுத்திலேயே குழுவின் பாட்டுப் பெயரை எழுதி இன்னொன்று. கிதார் கலைஞரின் முகத்தை, நெட்டில் கிடைத்த ஒரு போட்டோவைப் பார்த்து வரைந்து, சட்டையில் குத்திக்கொள்ளும் 'பின்' ஆகவும் செய்தேன். எல்லாரையும் போல, கச்சேரிக்கு வெளியே கார் நிறுத்துமிடமான லாட்டில் விற்றேன், அப்புறம் ஆன்லைனிலும் கடை திறந்தேன். சட்டை ஒன்று 25 டாலர். 400-இல் 260 விற்றது. லாபத்தில் கால் பங்கை நன்கொடையாகக் கொடுத்தேன். இப்போது குழுவின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். விற்பனையை நிறுத்த வேண்டும், முழுக் கணக்கையும் பிரமாணமாக எழுதித் தர வேண்டும், மிச்சச் சட்டைகளை ஒப்படைக்க வேண்டும், 12,000 டாலர் கட்ட வேண்டும், 10 நாளில் கையெழுத்து வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் மாற்றியிருக்கிறேன், 'ரசிகர் படைப்பு' என்றும் போட்டிருக்கிறேன். இத்தனை வருடமாக லாட்டில் விற்பதை வேடிக்கை பார்த்தவர்கள் என்னை மட்டும் பிடிக்கலாமா? கையெழுத்துப் போட்டு முடித்துவிடட்டுமா? இனிமேல் மனைவி பெயரில் தொடரலாமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டீஸைக் குப்பையிலும் போடாதீர்கள். உங்கள் கவலை முழுக்கக் குழுவின் சின்னத்தின் மேல் இருக்கிறது. எனக்கு உங்கள் கேள்வியில் முதலில் கண்ணில் பட்டது 'எச்-1பி' என்ற சொல்தான். அதைப் பிறகு சொல்கிறேன். குழுவின் பெயரை எழுதியிருந்தீர்கள், அதை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இந்த உலகம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஜாம் பேண்ட் என்பது ஒரே பாட்டை இன்று எட்டு நிமிடம், நாளை இருபத்தைந்து நிமிடம் என்று மனோதர்மத்தில் விரித்து வாசிக்கும் ராக் குழு. நேற்றைய கச்சேரி இன்று திரும்ப வராது என்பதால் ரசிகர்கள் வண்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே போவார்கள். 1965-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் இதற்கு மூதாதை. 1983-இல் வெர்மான்ட்டில் தொடங்கிய ஃபிஷ் அடுத்த தலைமுறை. கச்சேரிக்கு முன்னும் பின்னும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சந்தை முளைக்கும். தேர்த் திருவிழாவன்று கோயிலைச் சுற்றிக் கடை முளைக்குமே, அதேதான். சாயச் சட்டை, போஸ்டர், பின், வெண்ணெயில் வாட்டிய சீஸ் சாண்ட்விச் எல்லாம் கிடைக்கும். இதை 'லாட்' என்பார்கள். அதன் நடுத்தெருவுக்கு டெட்டின் 1978-ஆம் ஆண்டுப் பாட்டொன்றிலிருந்து வந்த 'ஷேக்டவுன் ஸ்ட்ரீட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இனி உங்கள் வாதம். "எல்லாரும் விற்கிறார்கள், குழுவுக்கும் தெரியும்." தெரியும்தான். ஆனால் கண்டும் காணாமல் இருப்பது அனுமதி ஆகாது. உரிமைக்காரர் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிட்டு உங்களைப் பிடிக்கலாம், அதற்குச் சட்டம் காரணம் கேட்காது. ரொம்பக் காலம் தெரிந்தே சும்மா இருந்தார் என்று ஒரு எதிர்வாதம் டிரேட்மார்க் சட்டத்தில் உண்டு. அது உங்களையே தெரிந்து, உங்களையே விட்டுவைத்திருந்தால்தான் எடுபடும்.

கிரேட்ஃபுல் டெட் வரலாறே இதற்கு நல்ல பாடம். கச்சேரியை ரசிகர்கள் டேப்பில் பதிவுசெய்ய அவர்கள் தனி இடமே ஒதுக்கினார்கள். 1984 அக்டோபரில் பெர்க்லியில் அது அதிகாரபூர்வமாக ஆரம்பித்தது. டேப்பைக் கைமாற்றிக்கொள்ளலாம், காசுக்கு விற்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. இந்தத் தாராளத்தைப் பார்த்துப் படம், சின்னம், பெயர் எல்லாமே பொதுச் சொத்து என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். 1987-இல் அவர்கள் பாட்டு ஒன்று அமெரிக்க டாப் 10-க்குள் போனதும் டிக்கெட்டே இல்லாத கூட்டம் வாசலில் பெருகியது. 1989-இல் குழுவே லாட்டில் கடையும் கூடாரமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், லாட்டில் நன்றாகச் சட்டை செய்தவர்களில் சிலரைக் கூப்பிட்டு லைசென்ஸ் கொடுத்துத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். டேப்புக்குக் கொடுத்த அனுமதி டேப்போடு சரி. சட்டைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐஸ்கிரீம் கதையும் இதே ரகம்தான். பென் அண்ட் ஜெரிஸ் கம்பெனிக்கு ரசிகர்கள் பெயர் போடாமல் எழுதிய ஒரு அஞ்சலட்டையிலிருந்து பிறந்தது 1987-ஆம் ஆண்டின் 'செர்ரி கார்சியா'. பெயரை வைத்துவிட்டார்கள். அப்புறம் டெட்டின் கிதார் கலைஞர் ஜெரி கார்சியா பக்கத்திலிருந்து வக்கீல் வந்தார், ராயல்டி பேசி முடித்தார்கள். ரசிகர் மனதில் உதித்த யோசனை என்பதற்காக யாரும் இலவசமாக விடவில்லை.

20 சதவீதக் கணக்கு எங்கிருந்து வந்ததோ, எனக்கு மாதம் ஒருவராவது சொல்கிறார். அப்படி ஒரு விதி அமெரிக்கச் சட்டத்தில் எங்குமே இல்லை. 'ரசிகர் படைப்பு' என்று போட்டது குழப்பத்தைக் கொஞ்சம் குறைக்கும், குற்றச்சாட்டை நீக்காது. நன்கொடை உங்கள் நல்ல மனதைக் காட்டும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

உங்கள் பெட்டிக்குள் நான்கு உரிமைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நோட்டீஸ் விட்டவர் ஒருவர்தான்.

முதலில் கோலம். மனதைத் தொட்டுச் சொன்னால் எனக்குப் பிடித்தது இதுதான், இதில்தான் உங்களுக்குக் கொஞ்சம் வாதமும் இருக்கிறது. புள்ளியும் கம்பியும் யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தவுடன் குழுவின் சின்னம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே அப்படி வரைந்தீர்கள்? சட்டை விற்றதும் அதனால்தான். அங்கேதான் வாதம் பலவீனமாகிறது. டெட்டின் புகழ்பெற்ற எலும்புக்கூடும் ரோஜாவும் தெரியும் அல்லவா? 1966-இல் ஸ்டான்லி மௌஸும் ஆல்டன் கெல்லியும் போஸ்டருக்குச் செய்தது. அதுவே உமர் கய்யாம் பாடல்களுக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்த பழைய படத்திலிருந்து எடுத்ததுதான். அந்தப் பழைய படத்தை இன்று நீங்களும் தாராளமாக எடுக்கலாம். அவர்கள் சேர்த்த எழுத்தையும் நிறத்தையும் அமைப்பையும் எடுக்க முடியாது. அதேபோல, லாட்டையும் ஆடும் கூட்டத்தையும் சாயச் சட்டையையும் வைத்து நீங்களே ஒரு கோலம் போட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்க வாய்ப்பு குறைவு.

நியாயமான பயன்பாடு என்று ஒரு விதிவிலக்கு உண்டு. கிரேட்ஃபுல் டெட் வரலாற்றைச் சொல்லும் 480 பக்கப் புத்தகம் ஒன்றில் ஏழு பழைய கச்சேரி போஸ்டர், டிக்கெட் படங்களைச் சிறிதாக்கிப் போட்டிருந்தார்கள். போஸ்டர் உரிமை வைத்திருந்த பில் கிரகாம் ஆர்க்கைவ்ஸ் வழக்குப் போட்டது. 2006-இல் நியூயார்க் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் புத்தகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வரலாற்றுச் சான்றாகக் காட்டுவது வேறு, போஸ்டராக மாட்டி ரசிப்பதற்கு விற்பது வேறு என்பதுதான் அதன் சாரம். நீங்கள் அந்த இரண்டாவது பக்கத்தில் நிற்கிறீர்கள்.

நூடுல்ஸ் சட்டை. லாட்டில் இந்த ரகம் சிரிப்போடு விற்கும், எனக்கும் தெரியும். கேலி என்பது தற்காப்பாக வேண்டும் என்றால் எதை எடுத்தீர்களோ அதையே கேலி செய்ய வேண்டும். நீங்கள் நூடுல்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, எழுத்து அழகாக இருந்தது என்று எடுத்துக்கொண்டீர்கள். 2023-இல் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டில் வடிவில் நாய்கள் கடித்து விளையாடும் பொம்மை செய்த கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கேலிக்காரர்களுக்கு இருந்த சலுகையை இன்னும் குறுக்கிவிட்டது. இந்தச் சட்டையை இனி வெளியே எடுக்காதீர்கள். குழுவோடு சமரசம் ஆனாலும் நூடுல்ஸ் கம்பெனி அதில் சேராது.

பின்னில் இரண்டு பேர். ஒருவர் கிதார் கலைஞர். தன் முகத்தைப் பொருளில் போட்டு விற்கும் உரிமை அவருடையது. 'த்ரீ ஸ்டூஜஸ்' நடிகர்களைக் கரியால் வரைந்து டி-ஷர்ட் விற்ற ஓவியர் 2001-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். வரைந்தது திறமையாகத்தான் இருந்தது, ஆனால் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை என்றது நீதிமன்றம். இன்னொருவர், நீங்கள் பார்த்து வரைந்த போட்டோவை எடுத்தவர். ஆண்டி வார்ஹால் அளவுக்குப் பெரிய பெயரே 2023-இல் பாடகர் பிரின்ஸின் போட்டோ விஷயத்தில் அந்தப் புகைப்படக்காரரிடம் தோற்றது. நமக்கு எதற்கு வம்பு?

பணம் எவ்வளவு? பதிப்புரிமை முன்கூட்டியே பதிவாகியிருந்தால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, தெரிந்தே செய்தால் 1,50,000 வரை நீதிமன்றம் போடலாம். பதிவான டிரேட்மார்க்கை அப்படியே போலி செய்தால் தொகை இன்னும் மேலே போகும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 260 சட்டை விற்றவரிடம் யாரும் அந்த உச்சத்தை வாங்கிப் பார்த்ததில்லை நான். அவர்களுக்கு முக்கியம் நீங்கள் நிறுத்துவது. 12,000 என்பது பேரம் தொடங்கும் இடம். உங்கள் சட்டை விற்பனையே மொத்தம் 6,500 டாலர்தானே.

சரி, எச்-1பி.

உங்கள் விசா, உங்களுக்காக மனுப் போட்ட முதலாளியிடம் வேலை செய்யத்தான் அனுமதி தருகிறது. சொந்தமாகச் சட்டை அச்சடித்து, லாட்டில் நின்று விற்று, ஆன்லைன் ஆர்டரைப் பேக் செய்து அனுப்புவது அனுமதியில்லாத வேலை. வார இறுதியில் மட்டும் செய்தாலும், லாபமே இல்லாவிட்டாலும் பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. இப்போது நோட்டீஸைத் திரும்பப் படியுங்கள். எந்தத் தேதியில், எந்த ஊரில், எத்தனை விற்றீர்கள் என்று பிரமாணமாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது விற்பனைக் கணக்கு. குடிவரவு அதிகாரி கையில் கிடைத்தால் அதுவே உங்கள் வேலைநாள் பதிவேடு.

மறைக்கச் சொல்லவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485-இலேயே அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்தீர்களா என்று நேராகவே கேட்பார்கள். அங்கே பொய் சொன்னால் சட்டை விற்றதைவிடப் பல மடங்கு பெரிய சிக்கல். நான் சொல்வது, அந்தக் கணக்கை அவசரத்தில், அடுத்தவர் எழுதிய வாசகத்தில், தேவைக்கு மேல் விரித்துக் கையெழுத்திடாதீர்கள் என்பதே. வேலை அடிப்படையில் கிரீன் கார்டு கேட்பவர்களுக்கு ஒரு மன்னிப்பு இருக்கிறது. கடைசியாகச் சட்டப்படி நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து இத்தகைய மீறல்கள் மொத்தம் 180 நாளைத் தாண்டாமல் இருந்தால் அது தடையாகாது. ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் ஒரு நாள் கணக்குத்தான். லாட்டில் நின்ற நாட்களை எண்ணிவிடலாம். வருடம் முழுக்கத் திறந்திருந்த ஆன்லைன் கடையை எப்படி எண்ணுவது? உங்கள் தலைவிதி இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது, பிரமாணத்தில் 'தொடர்ந்து விற்றுவந்தேன்' என்று ஒரு வரி இருந்தால் கதை மாறிவிடும். நடுவில் ஊருக்குப் போய் வந்தீர்களா? அப்படியானால் எண்ணிக்கை அந்த வருகையிலிருந்து தொடங்கலாம். பாஸ்போர்ட்டையும், நாட்டுக்குள் வந்த நாளைக் காட்டும் ஐ-94 பதிவையும் எடுத்து வையுங்கள்.

ஆகவே இரண்டு வக்கீல்கள் தேவை. ஒருவர் அறிவுசார் சொத்து, இன்னொருவர் குடிவரவு. இருவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். செலவு வலிக்கும்தான். 10 நாள் என்பது நோட்டீஸ் அனுப்பியவர் வைத்த கெடு, நீதிமன்றம் வைத்ததல்ல. வக்கீல் மூலம் இரண்டு வரி எழுதி நேரம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆனால் நீதிமன்றச் சம்மன் கையில் வந்தால் பதில் தாக்கல் செய்ய 21 நாள்தான், அதைத் தவறவிடக் கூடாது. நான் பார்த்தவரை இவை முடியும் விதம் ஒன்றுதான்: விற்பனை நிற்கும், சரக்கு போகும், ஒரு தொகை கைமாறும், தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி ஒப்பந்தத்தில் ஏறும். அந்த வரியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஆன்லைன் கடையை இன்றே நிறுத்துங்கள். மூடுமுன் ஆர்டர் விவரங்களைப் பத்திரமாகப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். எதையும் அழிக்காதீர்கள். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அழித்தால் நீதிபதி அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்வார். இந்த வருமானத்தை வரிக் கணக்கில் காட்டவில்லை என்றால் திருத்திய கணக்குத் தாக்கல் செய்யுங்கள். விசா எதுவானாலும் வரி வரிதான்.

மனைவி பெயரில் தொடரலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அவர் எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருந்து, இஏடி என்ற வேலை அனுமதி அட்டையும் வைத்திருந்தால் இன்றிலிருந்து அவர் ஒரு தொழில் தொடங்கலாம். பழைய விற்பனையை அவர் பெயருக்கு மாற்றி எழுதுவது மோசடி. தொழில் அவருடையது என்றால் அச்சடிப்பதும் அனுப்புவதும் அவரே செய்ய வேண்டும், நீங்கள் ராத்திரி உட்கார்ந்து பேக் செய்யக் கூடாது. அப்படித் தொடங்கினால் சின்னம் இல்லாத கோலத்தோடு தொடங்குங்கள். குழுவின் வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஃபிஷ் ரசிகர்கள் 1996-இல் தொடங்கிய மாக்கிங்பேர்ட் ஃபவுண்டேஷன் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லாமல், பிள்ளைகளின் இசைக் கல்விக்குப் பணம் திரட்டிக் கொடுத்துவருகிறது. தர்மம் பண்ணும் ஆசை உண்மை என்றால் விசாவைச் சிக்கலாக்காமல் அதற்கு இப்படிப்பட்ட வழிகள் உண்டு.

மிச்சம் 140 சட்டைகளைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, எண்ணிக்கையை மேலே எழுதி வையுங்கள். அடுத்த கச்சேரிக்குப் போங்கள், பாட்டுக் கேளுங்கள், சட்டையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். நண்பர்களுக்கு இலவசமாகக்கூட ஒன்றும் கொடுக்க வேண்டாம்.