கோடை விடுமுறையில் சின்னப் பையன்களைக் கடையில் உதவிக்கு வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் தங்கை மகனுக்கு 13 வயது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு 15. கோடை விடுமுறையில் இருவரையும் என் மளிகைக் கடையில் வைத்துக்கொள்ளலாமா? தொழில் பழகினால் நல்லதுதானே?

பதில்: இரண்டு பையன்களுக்கும் ஒரே பதில் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனை வைத்துக்கொள்ளலாம், சில நிபந்தனைகளோடு. உங்கள் மருமகனை வேலைக்கு வைக்கக் கூடாது. கூடமாட ஒத்தாசை செய்ய மட்டுமே அவனுக்கு அனுமதி. அதற்கும் சட்டம் விட்டிருக்கும் இடம் பலரும் நினைப்பதைவிட மிகவும் குறுகல்.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் முதலில் பட்டியலில் இருந்த தொழில்களுக்கு மட்டும்தான் தடை போட்டது. 2016 திருத்தம் அதை மாற்றிவிட்டது. இப்போது 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 நிறைந்து 18 நிறையாதவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியாகப் பிரித்து, சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள், அபாயகரமான செயல்முறைகள் ஆகியவற்றில் மட்டும் தடுத்திருக்கிறது. 17 வயதுப் பையனைச் சிவகாசிப் பட்டாசு ஆலையில் சேர்த்தால் குற்றம். 15 வயதுப் பையன் மளிகைக் கடையில் நின்றால் குற்றமில்லை.

முதலில் மருமகன். குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. குடும்பம் என்றால் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள், அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், அப்பாவின் கூடப்பிறந்தவர்கள். தாய்மாமன் என்பதால் நீங்கள் இதற்குள் வருகிறீர்கள். தாத்தா, பாட்டி வரமாட்டார்கள். உங்கள் மனைவியும் அவனுக்கு அத்தைதான், ஆனால் சட்டத்தின் கணக்கில் அத்தை என்றால் அப்பாவுடன் பிறந்தவர் மட்டுமே. குடும்பமே நடத்தும் தொழிலாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. கடை உரிமம் மனைவி பெயரில் இருந்தால் இந்த இடத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும்.

உறவு சரியாக இருந்தாலும் போதாது. 2017-இல் வந்த மத்திய விதிகளைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது. பள்ளி நேரத்தில் கூடாது. உற்பத்தியிலிருந்து சில்லறை விற்பனை வரை, பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ காசு வரும் எந்தக் கட்டத்திலும் அவன் உழைப்பு இருக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்கு மாற்றாகவும் அவன் நிற்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்தின் உயிர். மாலை 6 மணி, கடையில் கூட்டம். பையன் தராசில் துவரம்பருப்பை எடை போட்டு, கால் கிலோ பொட்டலமாகக் கட்டி, கல்லாவுக்கு நகர்த்துகிறான். நீங்கள் அதை ஒத்தாசை என்பீர்கள். நாளைக்கு அவன் வராவிட்டால் அந்தத் தராசடியில் நிற்க ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்குமா? ஆம் என்றால் அவன் செய்தது வேலை. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது, சரக்கின் பெயரும் விலையும் கேட்டுத் தெரிந்துகொள்வது, மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது, இவற்றிலேயே தொழில் பழகலாம். சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலையிலிருந்து எடுக்கும்போது அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க வழி பார்க்கச் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பிள்ளை நிற்கும் இடம் ஒரு பெரியவரின் கூலி.

மீறினால் வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடி ஆணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் இது. “அவங்கம்மாதான் அனுப்பிச்சாங்க” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தவன் 15 வயதுப் பையன். வயதை முதலில் உறுதி செய்யுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது கணக்குக்குச் சரியாக வரட்டும் என்று தேதியை முன்னே பின்னே மாற்றிக் கொடுத்த வீடுகள் உண்டு. அதனால் பிறப்புச் சான்றிதழ் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரக் கணக்கு இது: தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பிறகு குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு, ஓய்வும் காத்திருப்பும் சேர்த்து நாளுக்கு மொத்தம் 6 மணி. காலை 9-க்கு வந்தால் 12 வரை, மறுபடி 1 முதல் 3 வரை. உண்மையில் வேலை 5 மணி நேரம்தான். இரவு 7-க்கு மேல் கிடையாது, ஓவர்டைம் கிடையாது, வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை. தீபாவளி, பொங்கல் கூட்டத்துக்கும் இதில் தளர்வு இல்லை. பெரும்பாலான கடைக்காரர்கள் வழுக்குவது இங்கேதான், காரணம் வியாபாரம் சூடுபிடிப்பதே மாலை 6-க்கு மேல்தான்.

அவன் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், என்ன வேலை என்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் யாரும் கொடுப்பதில்லை.

50 கிலோ சர்க்கரை மூட்டையை அவன் முதுகில் ஏற்றாதீர்கள். வளரும் எலும்பு அது. பீடி, சிகரெட்டை அவன் கையால் விற்க விடாதீர்கள். டெலிவரிக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கவே கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

அவன் வீட்டில் முன்பணம் கேட்பார்கள். இரக்கப்பட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். அந்தக் கடன் தீரும்வரை அவன் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் இளைஞர் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வாராவாரம் அவன் கையிலேயே கொடுங்கள். அவனுடைய அம்மாவுக்கு உதவ நினைத்தால் அது தனிப் பணமாக இருக்கட்டும், அவன் கணக்கில் எழுத வேண்டாம்.

பையன்கள் வேலை பார்க்கலாமா என்று கேட்டால், 15-க்கு மேல் அளவோடு பார்க்கலாம் என்பதுதான் என் கருத்து. பயம் வேறு இடத்தில். பத்தாம் வகுப்பு முடித்த பையன் கையில் வாராவாரம் காசு புழங்குகிறது, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும்போது “இந்த மாசம் முடியட்டும்” என்கிறான், அதோடு பள்ளி போய்விடுகிறது. சேரும் அன்றே பதிவேட்டில் கடைசி நாளையும் எழுதிவிடுங்கள், பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாக.