ஐயாயிரம் கொடுத்தால் முடிந்துவிடுமா?

கேள்வி: நான்கு நாள் முன்பு பெரம்பலூர் பக்கம் குறுக்கே வந்த பைக் என் காரில் மோதிவிட்டது. ஓட்டி வந்த பையனுக்கு முழங்காலில் அடி. ஊர்க்காரர்கள் பேசியபடி 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். போலீசுக்கோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ சொல்லவில்லை. பம்பரும் பானெட்டும் நசுங்கிவிட்டன. "வேலையை முடித்துவிடலாம், அப்புறம் நேற்று நடந்ததாகச் சொல்லி க்ளெய்ம் போடுங்கள்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டியில் ஒரு ஸ்க்ரூவைக்கூட இப்போது கழற்ற வேண்டாம். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அடிபட்ட வண்டியைத்தான் பார்க்க வேண்டும். இன்றே கம்பெனிக்கு போன் செய்து தேதி, இடம், ஓட்டியது யார் என்று எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளெய்மைத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நான்கு நாள் தாமதத்துக்குக் காரணம் சொல்லிவிடலாம். தேதியை மாற்றினால் அது மோசடி. டோல்கேட்டின் ஃபாஸ்டேக் பதிவு ஒன்று போதும், மாட்டிக்கொள்ள.

காரை விட எனக்குக் கவலை அந்தப் பையனின் முழங்கால்தான். ஜவ்வு கிழிந்திருந்தால் உடனே தெரியாமல் போகலாம். போன் செய்து விசாரியுங்கள், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இன்னும் பணம் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பணமோ வாக்குறுதியோ தரக் கூடாது என்பது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. கொடுத்த 5,000 திரும்ப வராது, விஷயத்தையும் முடிக்காது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் அவர் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். அந்தப் பொறுப்பை ஏற்கத்தான் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கிறது. கம்பெனிக்கு நீங்கள் சொல்லாமல் விட்டால் சிக்கல் உங்கள் தலையில் விழும்.

போலீஸ் விஷயமும் அப்படித்தான். ஒருவருக்குக் காயம் என்றால் மருத்துவ உதவி கிடைக்கச் செய்து, 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கும் சொல்ல வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. கெடு தாண்டிவிட்டது, இருந்தாலும் போங்கள். தெரிந்த வக்கீலைக் கூட்டிக்கொண்டு விபத்து நடந்த பகுதியின் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

இனி கார். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் உங்கள் வண்டிச் செலவு உங்களுடையதே. முழு பாலிசி என்றாலும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் பாதுகாப்பு) எடுக்காவிட்டால் பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி விலைதான் வரும். பானெட்டுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். அப்புறம் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் 50 சதவீதம் சேர்த்திருந்தால், ஒரே க்ளெய்மில் அது பூஜ்யமாகிவிடும். கைக்கு வரும் தொகை இழக்கும் போனஸைவிடக் குறைவென்றால் சொந்தச் செலவிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். ஆனால் பையனுக்கு அடிபட்டதைக் கம்பெனிக்குத் தெரிவிப்பதை மட்டும் விடாதீர்கள்.

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி 30 நாளில் சரியான பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) ஒரு வருடத்துக்குள் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.